வகுப்பறையில் ஒரு புதியவர்: ‘திவாஸ்வப்ன’த்தின் முதல் நாள் பற்றிய ஒரு நோக்கு

கல்வி சார்ந்த நூல்களிலே ஆசிரியன் தோற்ற கதை விரிவாகச் சொல்லப்படுவது அரிது. முறையொன்றினை முன்வைப்போர் அம்முறை பலித்த இடங்களையே எடுத்துக்காட்டுவர். பலியாத இடங்கள் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுவதில்லை. குஜராத்திக் கல்வியியலாளர் கிஜுபாய் பதேகா 1930களின் தொடக்கத்தில் எழுதிய ‘திவாஸ்வப்னம்’ இவ்வழக்கத்துக்கு ஒரு விலக்கு. பகற்கனவு என்னும் பொருளுடைய இச்சிறுநூல், கதையைச் சொல்லும் ஆசிரியனாகிய லக்ஷ்மிராம் வகுப்பறைக்குள் நுழைந்த முதல் நாளிலேயே முற்றாகத் தோற்றுப்போவதைக் கூறித் தொடங்குகின்றது. நூலைப் பாராட்டுவோர் பலரும் இரண்டாம் நாளின் வெற்றியையே, அதாவது அவன் கதை சொல்லிப் பிள்ளைகளை வசப்படுத்தியதையே நினைவில் வைத்திருக்கின்றனர். நூலின் உயிர்நிலை முதல் நாளிலே உள்ளது என்பதும், அதனை விடுத்து இரண்டாம் நாளை மட்டும் எடுத்துக்கொள்வோர் நூலைத் தவறாகப் பயன்படுத்துகின்றனர் என்பதும் இங்கு ஆராயப்படும்.

இலங்கைச் சூழலில் இவ்வாராய்ச்சிக்குத் தனியொரு தேவை உண்டு. முன்பள்ளிகள் 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் மாகாண சபைகளின் பொறுப்பிலே வந்தனவாயினும், அவற்றுட் பல சனசமூக நிலையங்களாலும் சமய நிறுவனங்களாலும் தனியாராலும் நடாத்தப்படுவன. சிறிய முன்பள்ளியொன்றின் ஆசிரியை நோயுற்றாலோ மகப்பேற்றின் பொருட்டு விடுப்பிற் சென்றாலோ அவரிடத்துக்கு வருபவர் அயலிலுள்ள ஒரு தாயாகவோ, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் ஒரு யுவதியாகவோ இருப்பது புதுமையன்று. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் ஒரு காலை வேளையில் அவரிடம் விடப்படுகின்றனர். இவர்களை எவ்வாறு அடக்கி வைப்பது என்பதே அவருள் எழும் முதல் வினா. அவ்வினாவுக்கு ஊர் காலங்காலமாக வைத்திருக்கும் விடைகள் இரண்டு: ஒன்று பூவரசங்கம்பு, மற்றையது பூச்சாண்டி. சற்றுப் படித்தவர்கள் மூன்றாவதாகக் கதையையும் சேர்த்துக்கொள்வர். கம்பும் பூச்சாண்டியும் இருக்கும் வரிசையிலே கதையும் போய் நின்றால் அக்கதைக்கு என்ன நேரும் என்பது சிந்திக்கத்தக்கது.

பதேகா (1885–1939) தொழிலால் வழக்கறிஞர். தம் மகன் பிறந்த பின்னர் குழந்தை வளர்ப்பிலே நாட்டங்கொண்டு மரியா மொன்ரிசோரியின் எழுத்துக்களைப் பயின்று, வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டுப் பவநகரிலுள்ள தக்ஷிணாமூர்த்தி நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே 1920இல் பால மந்திர் என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். ‘மீசை வைத்த தாய்’ என மக்கள் அவரை அழைத்தனர் என்பது அவர் அங்கு பெற்ற இடத்தைக் காட்டும். இத்தகைய ஒருவர் தமது கற்பனை நூலுக்குக் களமாக மழலையர் பள்ளியைத் தெரிந்தெடுக்காது ஆரம்பப் பாடசாலையொன்றின் நான்காம் வகுப்பைத் தெரிந்தெடுத்தமை முதல் நோக்கில் வியப்பைத் தருவது. காரணம் ஊகிக்கக்கூடியதே. பால மந்திர் அவர் தாமே கட்டிய வீடு. அங்கு நாற்காலியின் உயரம் முதல் மணியடிக்கும் நேரம் வரை யாவும் அவர் வகுத்தவை. நூலுக்கு அவர் வேண்டி நின்றது பிறர் வீடு. பிறர் வகுத்த ஒழுங்கினுள், பிறர் பழக்கிய பிள்ளைகளிடையே, ஒரு புதியவனை நிறுத்திப் பார்ப்பதே அவரது பகற்கனவு. அவ்வகையிலே, நான்காம் வகுப்பைப் பற்றிய இந்நூல், பிறரது இடத்துக்கு ஒரு நாளைக்கோ ஒரு வாரத்துக்கோ வந்து நிற்கும் முன்பள்ளிப் பதில் ஆசிரியைக்கு வேறெந்த மழலையர் கல்வி நூலைக் காட்டிலும் அண்மையிலே நிற்கின்றது.

லக்ஷ்மிராம் நூலறிவு மிக்கவன்; அனுபவம் அற்றவன். கல்வி அதிகாரியை அணுகி ஒரு வகுப்பை ஓராண்டுக்குத் தன் பரிசோதனைக்கு விடும்படி கேட்டுப் பெறுகின்றான். நாளின் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே குறிப்பேட்டிலே வரிசையாக எழுதிக்கொண்டு பள்ளிக்குச் செல்கின்றான். அவ்வரிசையின் தலையிலே நிற்பது அமைதி விளையாட்டு. பிள்ளைகள் அசைவின்றி, ஓசையின்றி இருக்க வேண்டும், கதவுகள் சாத்தப்படும், அந்த அமைதியிலே சூழலின் மெல்லிய ஓசைகளைச் செவிமடுக்க வேண்டும். விளையாட்டு விளக்கப்படுகின்றது, கதவு சாத்தப்படுகின்றது. அடுத்த கணம் வகுப்பறை சந்தையாகின்றது. ஒருவன் ஊளையிட, ஒருவன் காலை உதைக்க, ஏனையோர் கைகொட்டிச் சிரிக்கின்றனர். விளையாட்டு என்று சொல்லப்பட்டதைப் பிள்ளைகள் மெய்யாகவே தம் விளையாட்டாக்கிக்கொண்டனர் என்பதே உண்மை. குறிப்பேடு பயனற்றுப்போகின்றது. செய்வதறியாத ஆசிரியன் அன்றைக்கு விடுமுறை என்று கூறிப் பிள்ளைகளை அனுப்பிவிட, அவர்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடுகின்றனர், தலைமையாசிரியர் சினங்கொள்கின்றார்.

பதேகா இக்காட்சியை நகைச்சுவையோடுதான் எழுதுகின்றார். ஆயின் நகைப்புக்குப் பின்னே கூரிய சுயவிமர்சனமொன்று உண்டு. அமைதி விளையாட்டு அவர் தம் குருவாகக் கொண்ட மொன்ரிசோரியின் கண்டுபிடிப்பு. அது தோன்றிய வகையை மொன்ரிசோரி தாமே விரிவாக எழுதியுள்ளார். உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் வறிய குடியிருப்பிலே 1907 சனவரி 6ஆந் திகதி குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பின்னர் ஒரு நாள், முற்றத்திலே ஒரு தாயின் கையிலிருந்த நான்கு மாதக் குழந்தையை வாங்கிக்கொண்டு அவர் வகுப்பறைக்குள் வந்தார். துணியிற் சுற்றப்பட்டு அசையாதிருந்த அக்குழந்தையைக் காட்டி, இதைப்போல உங்களால் இருக்க முடியுமா, இதன் மூச்சு எவ்வளவு மெல்லியது பாருங்கள் என்று பாதி வேடிக்கையாகச் சொல்ல, பிள்ளைகள் கால்களை ஒடுக்கி மூச்சையும் அடக்கினர். அவ்வறையிலே அதுவரை எவரும் கேட்டிராத கடிகார ஓசை கேட்டது. பின்னர் அடுத்த அறையிலிருந்து ஒவ்வொருவர் பெயரையும் அவர் தாழ்ந்த குரலில் அழைக்க, ஒவ்வொரு பிள்ளையும் எதிலும் இடிபடாது நடந்து அவரிடம் சென்றது.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்த அமைதி, ஒருங்கிருந்து பழகிய பிள்ளைகளிடையே எழுந்தது. அவர் எல்லோருடைய பெயரையும் அறிந்திருந்தார். பெயரை அறியாதவர் தாழ்ந்த குரலில் அழைக்க முடியாது. லக்ஷ்மிராம் செய்த பிழை, நெடுநாட் பழக்கத்தின் முடிவிலே கனிந்த ஒன்றினை முதல் நாட் கருவியாகக் கைக்கொண்டமை. தன் தவறு இன்னதென அவன் ஓரளவு உணர்கின்றான். அறிமுகமில்லாத பிள்ளைகளிடம் இவ்விளையாட்டைத் தொடங்கியிருக்கக்கூடாது என்பது அவன் முடிவு. அவனைப் பார்க்கிலும் ஒருபடி மேற்சென்று, வகுப்பொன்றின் ஒழுங்கு ஆசிரியரின் பையிலே இருப்பதில்லை என்று கூறலாம். அது பிள்ளைகளின் நினைவிலே இருக்கின்றது. பாய் எங்கே விரிப்பது, தண்ணீர்ப் போத்தல் எந்த மூலையில் வைப்பது, யாரருகில் யார் இருப்பது, பாட்டு முடிந்ததும் என்ன வரும் என்பனவெல்லாம் அங்கே எழுதாச் சட்டங்களாக உள்ளன. பதில் ஆசிரியை வரும் நாளில் அச்சட்டங்களை அறியாத ஒரேயொருவர் அவரே.

முன்பள்ளியிலே இந்நிலை ஒரு வாக்கியமாகவே வெளிப்படும். புதிதாக வந்தவர் ஏதேனும் ஒன்றை வேறு வரிசையிலே செய்யத் தொடங்கியதும், “எங்கட ரீச்சர் இப்பிடிச் செய்யிறேல்லை” என்று ஒரு குரல் எழும். அடுத்து நாலைந்து குரல்கள் சேரும். வளர்ந்தோர் செவிக்கு இது எதிர்ப்பாகவும் துடுக்காகவும் படுவது இயல்பு. பெரும்பாலான மோதல்கள் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றன. இப்போது நான்தான் ரீச்சர் என்ற விடையுடன் அவை வளர்கின்றன. உண்மையிலே அப்பிள்ளை செய்வது, வகுப்பின் சட்டத்தைப் புதியவருக்கு எடுத்துரைக்கும் பணி. அவ்வாக்கியத்தைக் கேட்டு, அப்படியாயின் உங்கள் ரீச்சர் எப்படிச் செய்வார் என்று திருப்பிக் கேட்கும் ஒருவருக்கு, குறிப்பேடு எதுவும் தராத தகவல் சில நிமிடங்களிலே கிடைத்துவிடும். நான்கு வயதினர் முரண்பட்ட சாட்சியம் சொல்லக்கூடும், கற்பனையும் கலக்கக்கூடும். ஒரு பிள்ளை, எங்கள் ரீச்சர் காலையிலேயே எல்லோருக்கும் பிஸ்கற் தருவார் என்று சொல்லிப் பார்ப்பதும் நிகழலாம். அதை மறுக்கும் வேறொரு பிள்ளை அங்கேயே இருக்கும்.

இதே வினா சான் லொரென்சோவிலும் எழுந்தது. அவ்வில்லத்தின் முதற் பொறுப்பாளர் ஆசிரியப் பயிற்சி பெறாத இளம்பெண். ஒரு நாள் அவர் பிந்தி வந்தார்; முதல் நாள் அலுமாரியைப் பூட்ட மறந்துமிருந்தார். வந்து பார்த்தபோது பிள்ளைகள் அலுமாரியைத் திறந்து கருவிகளைத் தாமே எடுத்துக்கொண்டிருந்தனர். அவர் அதனைக் களவு எனக் கருதினார். மொன்ரிசோரியோ, ஒவ்வொரு பொருளும் எங்குள்ளது என்பதையும் தமக்கு வேண்டியது எது என்பதையும் பிள்ளைகள் அறிந்துவிட்டனர் என்பதற்கு அதுவே சான்று எனக் கண்டார். அதன் பின் பிள்ளைகளே எடுக்கத்தக்க தாழ்ந்த அலுமாரிகள் வைக்கப்பட்டன. மொன்ரிசோரி 1939இல் இந்தியாவுக்கு வந்து, 1944இல் இலங்கைக்கும் பயணஞ் செய்தவர். அவரது பெயர் இந்நாட்டிலே முன்பள்ளிக்கே பொதுப்பெயராக வழங்குமளவுக்கு ஊன்றிவிட்டது. ஆயினும், பெயர்ப்பலகையிலே ‘மொன்ரிசோரி’ இருக்கும் இடங்கள் சிலவற்றில் அலுமாரி இன்னும் பூட்டியே இருக்கின்றது என்பதையும் சொல்லவே வேண்டும்.

‘திவாஸ்வப்ன’த்தின் முதல் நாட் குழப்பத்தை மழலையர் வகுப்புக்கு அப்படியே பொருத்துவதில் ஓர் எச்சரிக்கை தேவை. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தம் முந்திய ஆசிரியரை எண்ணி ஏங்குவதாக நூலில் இல்லை. அங்கே பிரம்பு நீங்கிய இடத்திலே களிப்பே பெருகுகின்றது. முன்பள்ளிப் பிள்ளையோ தனக்குப் பழகிய ஒருவரை அன்று காலை காணாது நிற்கின்றது. ஜேம்ஸ் றொபட்சன், ஜோய்ஸ் றொபட்சன் என்னும் பிரித்தானியத் தம்பதியர் 1969இல் வெளியிட்ட ஆவணப் படமொன்று இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. தாய் மகப்பேற்றுக்குச் சென்றமையால் ஒன்பது நாட்கள் குழந்தைகள் காப்பகமொன்றிலே விடப்பட்ட, பதினேழு மாத வயதுடைய ஜோன் என்னும் குழந்தையை அப்படம் காட்டுகின்றது. அங்கு தாதியர் நல்லவர்களே. ஆனால் முறைமாறி முறைமாறி வருபவர்கள். குழந்தை முதலில் ஒவ்வொருவரையும் நாடிச் செல்கின்றான். ஏனைய பிள்ளைகள் முந்திக்கொள்ள, பின்னுக்குத் தள்ளப்படுகின்றான். ஈற்றிலே பெரிய பொம்மைக் கரடியொன்றில் முகம் புதைத்துக் கிடக்கின்றான். முன்பள்ளிப் பிள்ளை மதியத்தில் வீடு திரும்பும். அதன் இழப்பு இத்துணைக் கடுமையானதன்று. எனினும், புதியவர் வந்த அன்று ஒரு பிள்ளை மற்றதைக் கடிப்பதையும், மலசலகூடத்துக்குத் தானே செல்லும் பிள்ளை அன்று காற்சட்டையை நனைப்பதையும் ஒழுங்கீனம் என்ற தலைப்பின் கீழ் அடக்க முடியாது என்பதற்கு இப்படம் போதிய சான்று. “ரீச்சர் எங்கே?” என்று கேட்கத் தெரிந்த பிள்ளை கேட்கும். கேட்கத் தெரியாத பிள்ளை கடிக்கும்.

இனி இரண்டாம் நாள். விடுமுறையின் சுவை கண்ட பிள்ளைகள் மீண்டும் விடுமுறை கேட்டு நிற்க, லக்ஷ்மிராம் கதையொன்றைத் தொடங்குகின்றான். ஓர் அரசன், அவனுக்கு ஏழு மனைவியர் என அடுக்கிச் செல்லும் பழைய பாணிக் கதை. சத்தம் தானே அடங்குகின்றது. கதை முடியவில்லை, மறுநாளும் தொடர்கின்றது, பல நாட்கள் தொடர்கின்றது. இடையிலே வரவுப் பதிவும் நடந்துவிடுகின்றது. தலைமையாசிரியரும் ஏனையோரும், இவன் பாடம் எப்போது தொடங்குவான் என்று கேட்கின்றனர்.

இவ்வெற்றியின் இரகசியம் கதையின் இனிமை மட்டுமன்று. முதல் நாளில் ஆசிரியனுக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவான உடைமை எதுவும் இருக்கவில்லை. பள்ளி பிள்ளைகளுக்கு உரியது, குறிப்பேடு அவனுக்கு உரியது. கதை தொடங்கிய கணம் முதல் இருசாராருக்கும் ஒரு பொதுவான நேற்று உண்டாகின்றது. அரசன் எங்கே விடப்பட்டான் என்பதைப் பிள்ளைகளும் அறிவர். அவன் மறந்தால் அவர்கள் எடுத்துக்கொடுப்பர். அவர்களின் நினைவிலிருந்த வகுப்பொழுங்கிலே அவனுக்கு இல்லாத இடம், கதையின் நினைவிலே கிடைத்துவிடுகின்றது. ஏனைய யாவும், தூய்மை பேணுதல், வகுப்பு நூலகம், நாடகம் ஆகியன எல்லாம், இந்த இடத்திலே காலூன்றிய பின்னரே வருகின்றன. நூலின் வலிமையான பகுதி இதுவென்பதில் ஐயமில்லை.

எனினும் சில குறைகளையும் சுட்டாதிருக்க இயலாது. லக்ஷ்மிராமுக்குக் கல்வி அதிகாரியின் ஆதரவு உண்டு. ஓராண்டு அவகாசம் உண்டு. முதல் நாள் தோற்றதும் வகுப்பைக் கலைத்துவிடும் வசதியும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளைகளை இடைநேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன் தோல்வியை வீட்டில் இருந்து சிந்திக்கும் வாய்ப்பு எந்தப் பதில் ஆசிரியைக்கும் இல்லை. அவர் தோல்வியின் நடுவிலேயே நின்று மதியம் வரை அவர்களைப் பாதுகாக்க வேண்டியவர். அன்றியும், ஏழு அரசியர் கதையை நாட்கணக்கிற் கேட்கும் ஆற்றல் ஒன்பது வயதுக்கு உரியது. மூன்று வயதுக்கு ஐந்து நிமிடமே நீண்ட நேரம். அதற்கு வேண்டியது திரும்பத் திரும்ப வரும் ஒரே அடியும் அதனோடு அசையும் கையுமாகும். பதேகா பால மந்திரில் இதனை நன்கறிந்தவர். நூலிலே அவ்வறிவுக்கு இடமில்லாது போயிற்று.

இன்னொரு குறை இலக்கியம் சார்ந்தது. நூலிலே பிள்ளைகள் கூட்டமாகவே தோன்றுகின்றனர். கூட்டமாகவே கூச்சலிடுகின்றனர், கூட்டமாகவே அடங்குகின்றனர். கதைக்குள் வராத ஒரு பிள்ளையைத் தொடர்ந்து சென்று பார்க்கும் பொறுமை லக்ஷ்மிராமுக்கு இல்லை. அவன் கண் பெரும்பாலும் தன் பரிசோதனையின் மீதே உள்ளது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பள்ளியிலே நெடுங்காலம் மழலையர் வகுப்பு நடாத்திய விவியன் பேலியின் எழுத்துக்களோடு ஒப்பிடும்போது இக்குறை புலனாகும். 1990இல் வெளிவந்த அவரது நூலொன்று, எந்நேரமும் தன்னை ஒரு ஹெலிகொப்டராகவே பாவித்துக்கொண்டு எவருடைய விளையாட்டிலும் சேராத ஜேசன் என்னும் ஒரே சிறுவனைச் சுற்றியே அமைகின்றது. பேலியின் வகுப்பிலே கதை சொல்வோர் பிள்ளைகள், ஆசிரியை எழுதிக்கொள்பவர், சொன்ன கதையை எல்லோரும் சேர்ந்து நடிப்பர். அங்கே ஒதுங்கி நிற்கும் பிள்ளையின் ஹெலிகொப்டருக்கும் மற்றவர் கதைக்குள் இறங்க ஓர் இடம் தேடப்படுகின்றது. பதேகாவிடம் கதை ஆசிரியனின் வாயிலிருந்து பிறந்து பிள்ளைகளின் செவியிலே முடிவது. பேலியிடம் அதன் திசை மாறுகின்றது. ஒரு நாளைக்கு வந்த புதியவருக்கு இரண்டாவது வழி எளிதானதென்று சொல்வதற்கில்லை. ஆயின் தாம் அறியாத வகுப்பைப் பற்றி அறிந்துகொள்ள அவ்வழி கூடுதலாக உதவும்.

கதையைக் கம்பின் இடத்தில் வைத்துப் பார்க்கும் போக்குக்கு நூலிலேயே ஒரு வித்து உண்டு என்பதையும் மறைக்கலாகாது. கதையின் நடுவே வரவுப் பதிவு நுழைகின்ற இடம் அது. பிள்ளைகள் கதைக்காக வரவுப் பதிவைப் பொறுத்துக்கொள்கின்றனர்; ஆசிரியன் அதனைத் தன் உபாயத்தின் வெற்றியாகக் கொள்கின்றான். இங்கிருந்து, சத்தம் போட்டால் கதை இல்லை என்று சொல்லும் நிலைக்கு ஓரடி தூரமே உண்டு. அவ்வாறு சொல்லப்பட்ட மறுகணம் கதை தண்டனையின் மறுபக்கமாகிவிடும். பொதுவான உடைமை மீண்டும் ஒருவரின் கைக்குப் போய்விடும். பூச்சாண்டி வருவான் என்பதும் கதை வராது என்பதும் பிள்ளையின் மனத்திலே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பதேகா அவ்வடியை எடுத்துவைக்கவில்லை. அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்வோர் பலர் எடுத்துவைத்துவிட்டனர்.

நூலின் ஈற்றிலே ஆண்டிறுதி விழாவொன்று நிகழ்கின்றது. பரிசோதனையின் பலனைப் பலரும் காண்கின்றனர். பதில் ஆசிரியையின் இறுதி நாளுக்கு விழா இல்லை. வழமையான ஆசிரியை திரும்பி வருகின்றார், வந்தவர் போய்விடுகின்றார், அவர் போவது பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதுமில்லை. லக்ஷ்மிராம் கதையை ஒவ்வொரு நாளும் நடுவிலே நிறுத்தியது மறுநாள் தான் வருவான் என்ற உறுதியினால். அந்த உறுதி இல்லாதவர், அரசனையும் ஏழு மனைவியரையும் விடுத்து, மதியம் பிள்ளைகளை அழைத்துச்செல்லத் தாய்மார் படலையடியில் வந்து நிற்குமுன்னர் முடிந்துவிடக்கூடிய ஒரு கதையைத் தெரிந்தெடுக்க வேண்டியவராகின்றார்.